ஒரு நாள் குஞ்சின் குடலில் முதலில் குடியேறுவது யார்?

கூடுகட்டி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறிக்கோழி வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். குஞ்சு வந்து இறங்கியதும் முதல் 3 நாள் குடிநீரில் ஆன்டிபயாட்டிக் கலந்து விடுவேன். நோய் இருக்கிறதோ இல்லையோ, அது ஒரு காப்பு என்று நினைத்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார்.

போன பேட்சில் மருந்தை நிறுத்திய மறுநாளே குஞ்சுகள் சோர ஆரம்பித்தன. குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடருக்கு நேர் கீழே, இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றன. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், ஆசனவாய் முழுக்கச் சுண்ணாம்பு போல எச்சம் காய்ந்து அடைத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். அடுத்த குஞ்சுக்கும் அதுவே. அதற்கடுத்ததற்கும் அதுவே. இறந்தவற்றைப் பரிசோதனைக்கு அனுப்பினேன், சால்மோனெல்லா என்ற நோய் பாக்டீரியா என்று வந்தது.

அதற்குப் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். குஞ்சு பொரிந்து வரும்போது அதன் குடலில் அநேகமாகக் கிருமியே இருக்காதாம். முதலில் நல்ல பாக்டீரியா குடியேறிவிட்டால் கெட்டது நுழைய முடியாதாம். 1973லேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் என் 3 நாள் மருந்து காப்பாக இருந்ததா, கதவைத் திறந்து வைத்ததா? இரண்டு வாரமாக இதே யோசனைதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:

நான் ஆய்வகத்தில் இருப்பவன், பண்ணை அனுபவம் கிடையாது. அதனால் குடலுக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

உழுது போட்ட காலி நிலத்தில் நாம் எதையும் விதைக்காவிட்டாலும் ஏதாவது முளைக்கும். பெரும்பாலும் அது களைதான். ஒரு நாள் குஞ்சின் குடல் அந்த நிலம். கோழியின் குடல் முடியும் இடத்தருகே இரண்டு பை போன்ற குருட்டுக்குடல்கள் இருக்கின்றன அல்லவா? வளர்ந்த கோழியில் அந்தப் பையில் இருப்பதை 1 கிராம் எடுத்தால் அதில் சுமார் 10 ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கும், அதுவும் பல நூறு வகை. பொரிப்பகத் தட்டில் இருக்கும் குஞ்சுக்கு அதில் எதுவும் இல்லை. சிறுகுடலில் ஓரளவு நிலையான கூட்டம் உருவாக 2 வாரம் ஆகும். குருட்டுக்குடலில் ஒரு மாதம் வரைகூட ஆகலாம். சால்மோனெல்லாவுக்கு மிகப் பிடித்த இடமும் அந்தக் குருட்டுக்குடல்தான்.

1952லேயே மில்னர், ஷாஃபர் என்ற இருவர் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு நாள் குஞ்சின் வாயில் பத்துக்கும் குறைவான சால்மோனெல்லா போனாலே தொற்று பிடித்துவிடுகிறது. சில நாள் கழித்து அதே குஞ்சுக்கு அதைவிடப் பல மடங்கு தேவைப்படுகிறது. இந்தச் சில நாளில் குஞ்சின் நோய் எதிர்ப்புச் சக்தி திடீரென்று முதிர்ந்துவிடவில்லை. குடலில் ஆள் வந்து சேர்ந்துவிட்டார்கள், முக்கியமான வித்தியாசம் அதுதான்.

வந்து சேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? குடல் சுவரில் ஒட்டும் இடங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். இருக்கும் சத்தைத் தின்றுவிடுகிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால் பெரிய வேலை அமிலம்தான். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்க வைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. இந்த அமிலங்கள் முழு மூலக்கூறாக சால்மோனெல்லாவின் உறையைத் தாண்டி உள்ளே போய், அங்கே பிரிந்து, அதன் உட்புறத்தையே புளிப்பாக்கிவிடும். உள்ளே சேர்ந்த அமிலத்தை வெளியே தள்ளுவதிலேயே அதன் சக்தி எல்லாம் தீர்ந்துபோகும், பெருக முடியாது. இதில் பியூட்டிரிக் அமிலம் குடல் சுவரின் செல்களுக்கு உணவும்கூட. அந்தச் செல்கள் நன்றாக வேலை செய்தால் ஆக்சிஜனைத் தாங்களே செலவழித்துவிடும், குடலுக்குள் கசிய விடாது. சால்மோனெல்லாவுக்கு ஆக்சிஜன் கொஞ்சம் கிடைத்தாலும் கொண்டாட்டம். அதையும் இது அடைத்துவிடுகிறது.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: ஆன்டிபயாட்டிக்குக்கு நல்லது கெட்டது தெரியாது. காலி நிலத்தை இன்னும் 3 நாள் காலியாகவே வைத்திருந்தீர்கள்.

பத்தாண்டுப்பண்ணை:

நான் உடன்படவில்லை. கோபமாகச் சொல்லவில்லை, கைக்காசு போன அனுபவத்தில் சொல்கிறேன். நல்ல பாக்டீரியா என்று ஒரு பொருளை வாங்கி 2 பேட்சுக்குக் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது பேட்சில் அதை நிறுத்திவிட்டுக் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, 2 வாரம் காயப் போட்டேன். இறப்பு பாதியானது. தீவன மூட்டையில் எலி ஓடுகிறது, தண்ணீர்த் தொட்டியில் பாசி படிந்திருக்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டு பாக்டீரியாவைக் கொண்டு வந்து ஊற்றினால் என்ன ஆகும்? முதலில் சுத்தம், மற்றதெல்லாம் அப்புறம்.

கால்நடைத்தோழர்:

நான் கால்நடை மருத்துவர். பத்தாண்டுப்பண்ணை சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அண்ணா, மூன்று கேள்வி. அந்தப் பொருளை எத்தனையாவது நாள் கொடுத்தீர்கள்? எந்தத் தண்ணீரில்? பொரிப்பகத்தில் குஞ்சுக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று விசாரித்தீர்களா?

கூடுகட்டிக்கு ஒரு விஷயம். எல்லாக் குஞ்சு இறப்பையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் 2, 3 நாளில் வயிறு உப்பி, தொப்புள் ஆறாமல், அறுத்துப் பார்த்தால் மஞ்சள் கரு கரையாமல் பச்சையும் பழுப்புமாக நாற்றமடித்தால், அது பெரும்பாலும் மஞ்சள் கருப் பையில் ஏறிய ஈ.கோலை என்ற பாக்டீரியா. ஆறாத தொப்புள் வழியாகப் பொரிப்பகத்திலேயே நுழைந்திருக்கும். குடலில் எதைக் கொடுத்தாலும் அதற்கு உதவாது. சால்மோனெல்லா புல்லோரம் வேறு. அது தாய்க்கோழியின் முட்டைப்பையிலிருந்து முட்டைக்குள்ளேயே வந்துவிடும், பொரிப்பானில் பக்கத்துக் குஞ்சுக்கும் பரவும். இறப்பு 2, 3 வாரத்தில் உச்சத்துக்குப் போகும். அறுத்தால் கல்லீரலில் வெண்புள்ளிகள், குருட்டுக்குடலில் பாலாடைக்கட்டி போல உறைந்த ஒரு துண்டு. மூன்றாவது, என்டெரிடிடிஸ், டைஃபிமூரியம் போன்ற சால்மோனெல்லா வகைகள். இவை பல சமயம் குஞ்சைக் கொல்லாமலே குடலில் தங்கி, கறியோடும் முட்டையோடும் மனிதனுக்கு வந்து சேரும். நல்ல பாக்டீரியா கொடுத்துத் தடுக்கும் முறை பெரும்பாலும் சோதிக்கப்பட்டது இந்த மூன்றாவது வகைக்காகத்தான். எச்சம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வெள்ளைக் கழிச்சல் என்றும் முடிவு கட்டாதீர்கள். அந்தப் பெயரில் நாம் சொல்வது வைரஸ் நோயை.

உங்களுக்கு வந்த அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருந்தார்களா?

கூடுகட்டி:

இல்லை டாக்டர், சால்மோனெல்லா என்று மட்டும்தான். வகை கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. மஞ்சள் கரு சுருங்கியிருந்தது, நாற்றம் இல்லை. கல்லீரலில் புள்ளி எதுவும் இல்லை என்று சொன்னார்கள்.

பத்தாண்டுப்பண்ணை:

டாக்டர் கேட்டதால் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் மாலையில் கொடுத்திருக்கிறேன். தொட்டித் தண்ணீரில்தான் கலந்தேன், அதில் வழக்கம்போல பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தது. பொரிப்பகத்தில் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியோடு ஒரு ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துப் போடுவார்களாம். இன்று போன் செய்து கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.

கால்நடைத்தோழர்:

அப்படியானால் நீங்கள் அதைக் குஞ்சுக்குக் கொடுக்கவே இல்லை அண்ணா. தொட்டிக் குளோரினே பாதியைக் கொன்றிருக்கும். மிச்சத்தை ஊசி மருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கும் மேலாக ஒன்றரை நாள் தாமதம். சால்மோனெல்லா ஏறிய பிறகு கொடுத்தால் இது அதை விரட்டாது. முந்திக்கொண்டால்தான் பலன். சோதனைகளிலும் முதல் நாள் நல்ல பாக்டீரியா, அதற்கப்புறம்தான் சால்மோனெல்லா, அந்த வரிசையில்தான் கொடுத்துப் பார்த்தார்கள்.

நுண்ணோக்கி:

அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை. 1971ல் பின்லாந்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் பரவியது. தீவனம் வழியாக வந்தது. எஸ்கோ நுர்மி, மர்யாட்டா ரன்டாலா இருவரும் நாம் இப்போது கேட்கும் இதே கேள்வியைக் கேட்டார்கள்: வளர்ந்த கோழியிடம் தோற்றுப்போகும் கிருமி குஞ்சிடம் மட்டும் ஏன் ஜெயிக்கிறது? வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடலில் இருப்பதை எடுத்து, அதைக் குஞ்சின் தீவனப்பைக்குள் செலுத்தி, மறுநாள் சால்மோனெல்லாவையும் கொடுத்தார்கள். பெரும்பாலான குஞ்சுகளில் அது ஒட்டவே இல்லை. எதுவும் கொடுக்காத குஞ்சுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. 1973ல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. இன்றும் இந்த முறைக்கு நுர்மியின் பெயரே நிற்கிறது. 1987ல் பின்லாந்திலேயே பிராய்லாக்ட் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் கொடுக்கவில்லை, கூட்டத்தையே கொடுத்தார்கள். பின்னால் பலர் லாக்டோபாசில்லஸ் என்ற பாக்டீரியாவில் ஒன்றிரண்டு வகையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஒன்று விட்ட கழிவை இன்னொன்று தின்னும், ஒன்று ஆக்சிஜனை முடித்தால்தான் இன்னொன்று வாழும். ஒரு ஊரையே குடியேற்றினால்தான் ஊராகும், நாலு பேரைக் கொண்டுபோய் இறக்கினால் ஆகாது.

வெளிமுற்றம்:

நான் தாய்க்கோழி வைத்து அடைகாக்கிறேன், பொரிப்பான் கிடையாது. இதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. பொரிந்த மறுநாள் காலையில் தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வரும். குஞ்சுகள் முதலில் கொத்துவது தானியத்தை அல்ல, தாயின் எச்சத்தை. சாதாரண எச்சத்தை இரண்டு கொத்து கொத்திவிட்டு விட்டுவிடும். அடர் பழுப்பாக, களிம்பு போலப் பளபளவென்று ஒன்று போடுமே, அதில் நாலைந்து குஞ்சு சேர்ந்து அலகைத் துடைத்துத் துடைத்துத் தின்னும். பல வருடம் நான் அதை விரட்டிவிட்டிருக்கிறேன், அசுத்தம் என்று. தப்பு செய்துவிட்டேனா?

நுண்ணோக்கி:

அக்கா, அந்தப் பழுப்புக் களிம்புதான் குருட்டுக்குடல் எச்சம்! நுர்மி குஞ்சுக்குள் செலுத்தியதைத் தாய் தானே கொண்டுவந்து வைக்கிறது. ஒரு நாள் தாயோடு இருந்த குஞ்சின் குருட்டுக்குடலைப் பார்த்தால், வளர்ந்த கோழியின் குடலில் இருக்கும் பாக்டீராய்டிஸ் போன்ற பாக்டீரியாக் கூட்டம் அதற்குள்ளேயே குடியேறியிருக்கிறது. தாய் இல்லாத குஞ்சுக்கு அவை வந்து சேரவே நாளாகும். பொரிப்பான் வெப்பத்தைக் கொடுத்தது, ஈரத்தைக் கொடுத்தது, முட்டையைத் திருப்பியும் விட்டது. இதை மட்டும் கொடுக்கவில்லை.

புதுக்கொட்டகை:

அப்படியென்றால் பெரிய கோழியின் எச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குஞ்சுக்குக் கொடுத்துவிடலாமே? இன்னொன்று, தயிர் கொடுத்தால் போதும் என்கிறார்களே, அது சரியா?

கால்நடைத்தோழர்:

தம்பி, எச்சத்தைக் கரைத்துக் கொடுக்காதீர்கள், வேண்டாம். அதில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கும், குடற்புழு இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும் கோழியே சால்மோனெல்லாவைச் சுமந்துகொண்டிருக்கும். நல்ல ஊரைக் கொண்டுவருகிறேன் என்று திருடனையும் சேர்த்துக் கூட்டி வந்துவிடுவீர்கள். தாயிடமிருந்து தன் குஞ்சுக்குப் போவது ஒரு குடும்பத்துக்குள் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான குஞ்சுக்கு நீங்கள் கரைத்து ஊற்றினால் அத்தனையிலும் ஒரே நாளில் ஏறும். விற்பனைக்கு வருபவை நோயில்லாத கோழியிலிருந்து எடுத்து, காற்றில்லாமல் வளர்த்து, நோய்க்கிருமி உண்டா என்று சோதித்த பிறகே வருகின்றன. அப்படிச் சோதித்தும்கூட உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முழுப் பட்டியல் தர முடியாதவற்றுக்குப் பல இடங்களில் அனுமதி கிடைப்பதில்லை. 1998ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த பிரீஎம்ப்ட் என்ற தயாரிப்பில் 29 வகை பாக்டீரியா, ஒவ்வொன்றும் அடையாளம் கண்டது.

தயிர் கெடுதல் இல்லை, ஆனால் இந்த வேலைக்குப் போதாது. தயிர் பாக்டீரியா பாலில் வாழப் பழகியது, குஞ்சின் குருட்டுக்குடலில் தங்காது. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் கோழிக்கு இல்லை, அதிகமானால் கழிச்சல்தான்.

பொரிப்பகப்பணியாளர்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பொரிப்பகத்தில் குஞ்சு எடுக்கும் பிரிவில் இருக்கிறேன், நல்ல பாக்டீரியாவைக் குஞ்சுகள் மேல் தெளிப்பது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

குஞ்சுப் பெட்டி தெளிப்பானுக்குக் கீழே நகர்ந்து வரும். நூறு குஞ்சு இருக்கும். மேலிருந்து துளி விழும். துளி பெரிதாக இருக்க வேண்டும், பனி போல நுண்ணியதாக இருந்தால் மூச்சில் போய்விடும், குஞ்சும் நனைந்து குளிரில் நடுங்கும். தண்ணீரில் நிறம் கலந்திருப்போம். பளிச்சென்ற வெளிச்சத்துக்குக் கீழே பெட்டியை வைத்தால், ஒரு குஞ்சு பக்கத்துக் குஞ்சின் முதுகில் மின்னும் துளியைக் கொத்தும், அப்புறம் தன் இறகைக் கோதும். கால்மணி நேரம் போனதும் சில குஞ்சுகளைப் பிடித்து அலகைத் திறந்து பார்ப்போம், நாக்கில் நிறம் ஒட்டியிருந்தால் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இருட்டில் பெட்டியை அடுக்கிவிட்டால் துளி இறகிலேயே காய்ந்துவிடும், எல்லாம் வீண். முதல் தீவனமும் முதல் தண்ணீரும் வாயில் படுவதற்கு முன்னாலேயே இது முடிந்துவிடுவதுதான் தெளிப்பின் லாபம்.

பத்தாண்டுப்பண்ணை அண்ணா சொன்ன ஊசி உண்மைதான். எல்லா இடத்திலும் போடுவதில்லை. வாங்குபவர் கேட்டால் சொல்வோம், வேண்டாம் என்றால் நிறுத்தவும் முடியும். ஆனால் கேட்பவர் அபூர்வம்.

பத்தாண்டுப்பண்ணை:

சரி, என் 2 பேட்சை வைத்து நான் முடிவு கட்டியது தவறு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றில் இருந்து நகர மாட்டேன். பின்லாந்தைச் சொன்னீர்களே தம்பி, அங்கே இதை மட்டுமா செய்தார்கள்?

கால்நடைத்தோழர்:

இல்லை அண்ணா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. தீவனத்தைச் சூடாக்கினார்கள், தாய்க்கோழிகளைத் தொடர்ந்து சோதித்தார்கள், தொற்று கண்ட கூட்டத்தை அப்புறப்படுத்தினார்கள். 1995ல் பின்லாந்தும் சுவீடனும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது உள்ளே வரும் கறியிலும் முட்டையிலும் சால்மோனெல்லா இல்லை என்று தனி உத்தரவாதம் கேட்டு வாங்கும் அளவுக்கு இருந்தது அவர்கள் கட்டுப்பாடு. தொற்றின் அளவு அதிகமானால் எந்த நல்ல பாக்டீரியாவும் தோற்கும். எலி தினமும் லட்சக்கணக்கில் கொண்டுவந்து போட்டால் யார் தடுக்க முடியும்? சுத்தம் எதிரியின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, நல்ல பாக்டீரியா குறைந்து வருபவனை நிறுத்துகிறது. இதில் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்னால் முடியாது.

நுண்ணோக்கி:

ஆன்டிபயாட்டிக் பற்றிய கேள்வி பாதியில் நிற்கிறது. 1950, 60களில் போன்ஹாஃப், மில்லர் குழு எலிகளில் ஒரு சோதனை செய்தது. சாதாரண எலிக்குத் தொற்று பிடிக்க சுமார் 1 லட்சம் சால்மோனெல்லா தேவைப்பட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவாகவே போதுமாயிற்று. அந்த எண்ணை முதன்முதலில் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மருந்து கொடுத்த பெரிய எலியும் ஒரு நாள் குஞ்சும் ஒரே நிலைக்கு வந்துவிடுகின்றன.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை சுவீடன் 1986லேயே நிறுத்தியது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நிறுத்தியது. கோழி வளர்ப்பு அங்கே நின்றுவிடவில்லை.

கால்நடைத்தோழர்:

இதைப் படித்துவிட்டு, நோய் வந்த குஞ்சுக்கும் மருந்து கொடுக்காமல் யாரும் இருந்துவிடாதீர்கள். நோய் உறுதியானால், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்று பார்த்து, முழு அளவும் முழு நாளும் கொடுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். மருந்து முடிந்த பிறகு குடல் மறுபடி காலியாக இருக்கும், அப்போது நல்ல பாக்டீரியாவை மீண்டும் கொடுப்பது நல்லது. நான் எதிர்ப்பது நோயே இல்லாதபோது பழக்கத்துக்காகக் கொடுப்பதை மட்டும்தான்.

வெப்பத்தையும் கவனியுங்கள். முதல் சில நாள் குஞ்சின் உயரத்தில் 32 முதல் 34 டிகிரி இருக்க வேண்டும். குளிரில் ஒடுங்கிய குஞ்சு தின்னாது, தின்னாத குஞ்சின் குடல் வளராது. அப்புறம் எதைக் குடியேற்றியும் பயனில்லை.

கூடுகட்டி:

எல்லோருக்கும் நன்றி. 2 மாதம் கழித்து வந்து எழுதுகிறேன், சொல்லாமல் விடக் கூடாது என்று.

இந்தப் பேட்சுக்குப் பொரிப்பகத்தில் கேட்டு ஊசி மருந்தை நிறுத்தச் சொன்னேன். அங்கேயே தெளிப்பும் செய்து கொடுத்தார்கள். கொட்டகையை பத்தாண்டுப்பண்ணை அண்ணா சொன்னபடி கழுவி, 2 வாரம் காய விட்டேன். தீவன மூட்டைகளைத் தரையிலிருந்து பலகைக்கு ஏற்றினேன், எலிப் பொந்துகளை அடைத்தேன். முதல் 3 நாள் தண்ணீரில் மருந்தும் இல்லை, குளோரினும் இல்லை. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான் கொடுத்தேன், சிரமமாகத்தான் இருந்தது. முதல் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மருந்து கொடுக்காத முதல் பேட்ச். மணிக்கொரு தரம் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், பரவிப் படுத்திருந்தன, கூட்டமாக ஒடுங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கூளத்தின் மேல் விரித்திருந்த காகிதத்தில், அக்கா சொன்ன அந்தப் பழுப்புக் களிம்பு அங்கங்கே சிறு பொட்டாகக் கிடந்தது. ஒரு குஞ்சு அதைக் கொத்திக்கொண்டிருந்தது. விரட்டக் கை எழுந்தது, அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

ஆசனவாய் அடைத்த குஞ்சு இந்த முறை ஒன்றுகூட இல்லை. எத்தனையோ விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றியதால் எது காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 35ஆம் நாள் எச்ச மாதிரி எடுத்துச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், இந்த முறை வகையையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.

பத்தாண்டுப்பண்ணை:

முடிவு வந்ததும் போடுங்கள் தம்பி, காத்திருக்கிறேன். அடுத்த பேட்சுக்கு நானும் பொரிப்பகத்தில் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெளிப்பு முடிந்ததும் பெட்டியை வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் வைக்கச் சொல்ல வேண்டும் என்று பொரிப்பகப்பணியாளர் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பொரிப்பகப்பணியாளர்:

இறகு காயும் வரை அண்ணா. நாங்கள் 20 நிமிடம் வைப்போம். நீங்கள் நேரில் வந்தால் ஒரு பெட்டியைத் திறந்து நாக்கைப் பார்த்துவிட்டே ஏற்றிக்கொள்ளுங்கள்.